சைலன்சர் தண்ணீர்

"இந்தக் கட்டடத்து நல்ல தண்ணி இனிமே ஒரு சொட்டு என் தொண்டையில இறங்காது!"

இப்படி ஒரு சபதத்தை அரைக்கால் டவுசரில் நின்றுகொண்டு, ஒரு கையில் வாளியும் மறு கையில் ஈரத் துணியுமாகச் செய்தால் அதற்குக் கம்பீரம் வராது. ஆனால் மெக்கானிக்குக்குக் கோபம் வந்துவிட்டால் கம்பீரத்தைப் பற்றியெல்லாம் யோசிக்க நேரமிருக்காது. கோபத்துக்கே நேரம் போதாது.

ஃபிரிட்ஜ், ஏசி பழுதுபார்க்கிறவர் அவர். ஊரையே குளிர வைக்கிற தொழில். ஆள் மட்டும் எப்போதும் கொதிநிலையில். குடியிருப்பில் அவருக்குக் குக்கர் என்று பெயர். பின்னால்தான் சொல்வார்கள். முன்னால் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். குடியிருப்பில் நல்ல தண்ணீர் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். மற்றபடி குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர்தான். அந்த நேரம் பார்த்து மெக்கானிக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் தன் காரை நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீர் பட்டால் பெயின்ட் பூத்துவிடுமாம்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஓய்வு பெற்றது தலைமை மட்டும்தான். ஆசிரியர் இன்னும் உள்ளே இருந்தார்.

"என்ன சார் இது? குடிக்கத் தண்ணி இல்லாம மூணாவது மாடி அம்மா குடத்தோட நிக்கிறாங்க. நீங்க காரைக் குளிப்பாட்டுறீங்க?"

"என் பங்குத் தண்ணி. என் காரு."

"தண்ணி எல்லாருக்கும் பொது சார்."

"அப்ப காரையும் பொதுன்னு சொல்லுங்களேன்!"

"சொல்லலாம். சொன்னா யாரையாவது ஒரு தடவை ஏத்துவீங்களா? வாங்கின நாள்ல இருந்து அதுல சீட்டு கவர் மட்டும்தான் உக்காந்திருக்கு."

குடத்தோடு நின்ற மூன்றாவது மாடி அம்மா சிரித்துவிட்டார். காவலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு தெரியவில்லை, தோள்கள் குலுங்கின. மெக்கானிக்கின் காது சிவந்தது.

"இவ்வளவு தண்ணியைக் காருக்குக் கொடுக்கறீங்களே, அந்தக் கார் என்னைக்காவது திருப்பிக் கொடுக்குமா?" என்றார் செயலாளர்.

"கொடுக்கும்யா! என் கார் எனக்குத் தண்ணி கொடுக்கும்! பாக்கறீங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். நேராக மொட்டை மாடிக்கு ஏறினார். தன் வீட்டுக்குப் போகிற நல்ல தண்ணீர் வால்வைத் திருகி மூடினார். கையோடு எடுத்துவந்த பூட்டைப் போட்டார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். குளிக்கிற உப்புத் தண்ணீர் வால்வை மட்டும் தொடவில்லை. கொதிக்கிற ஆளாக இருந்தாலும் குளிக்க வேண்டுமே.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, குழாயில வெறும் காத்துதான் வருது."

"பூட்டிட்டேன்."

"எதை?"

"வால்வை."

"நான் புத்தியையோன்னு நினைச்சேன்."

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எழுத்துப் பலகையைக் காட்டி, எது தெரிகிறது எது தெரியவில்லை என்று கேட்டுக் கேட்டு அளப்பது அவள் தொழில். பேச்சு குறைவு. கோபம் வந்தால் இன்னும் குறைவு. அதனால் அவளுக்குக் கோபமே வராது என்று மெக்கானிக் வெகுகாலமாக நம்பிக்கொண்டிருந்தார்.

நடந்ததை அவர் சொன்னார். சபதத்தையும் சொன்னார். காரிலிருந்து தண்ணீர் எடுக்கப்போவதையும் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கார்ல இருந்து தண்ணியா?"

"பெட்ரோல் எரிஞ்சா என்ன வரும்? சொல்லு."

"புகை வரும். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு இருமல் வரும்."

"தண்ணி வரும்! காலங்காத்தால காரைக் கிளப்பினா சைலன்சர்ல சொட்டுச் சொட்டா ஊத்துது, பாத்ததில்ல? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியாப் போகுது. அந்த ஆவியைப் பிடிச்சுக் குளிர வெச்சா தண்ணி. குளிர வைக்கிறது யாரோட தொழில்? என்னோட தொழில்! அந்தச் செயலாளருக்குத் தண்ணி காட்டறேனா இல்லையா பாரு!"

"உங்களை நான் எப்பவோ தண்ணி தெளிச்சு விட்டாச்சு," என்றாள் அவள். "இப்ப அதுக்கும் தண்ணி இல்லாம பண்ணிட்டீங்க."

"கிண்டலா?"

"கிண்டல் இல்ல. நாளைக்கு அம்மாவைப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போகணும். முட்டி ஆபரேஷன் பண்ணின காலோட அவங்க பஸ் படியில ஏறணும். பின்னால நான் வாக்கரைத் தூக்கிட்டு ஏறணும். சீக்கிரம் ஏறுங்கன்னு கண்டக்டர் கத்துவான். அடுத்த நிறுத்தத்துல இறங்கி இன்னொரு பஸ். திரும்பி வந்தா குழாயில காத்து. கீழ கார் குளிச்சு முடிச்சு ஜம்முனு நிக்குது."

"உங்கம்மா என் காரைப் பத்திச் சொன்னது உனக்கு மறந்துபோச்சா?"

"'இது ஓடுமா மாப்பிள்ளை'ன்னு கேட்டாங்க. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானா? புதுக் கார்! பிளாஸ்டிக் கூடப் பிரிக்கல! ஓடுமான்னு ஒரு கேள்வி!"

"பிளாஸ்டிக்கை இன்னும் பிரிக்கலயே," என்றாள் அவள். அதற்குப் பிறகு பாத்திரங்கள் பேசின. அன்றைக்கு மூன்றாவது மாடி அம்மாவிடம் ஒரு குடம் வாங்கிவந்து சமைத்தாள். அந்தக் குடத்தைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குக் கோபம் இன்னும் ஏறியது. சாப்பாட்டை மட்டும் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் கடையைப் பாதி மூடிவிட்டு வேலையில் இறங்கினார். பழைய ஃபிரிட்ஜுகளின் பின்பக்கத்தில் இருக்கும் செம்புக் குழாய்களைக் கழற்றி, சுருள் சுருளாக வளைத்து, காரின் டிக்கியில் அடுக்கினார். எல்லாப் புகையையும் சுருளுக்குள் திருப்பிவிட்டால் எஞ்சின் மூச்சு முட்டி நின்றுபோனது. காரை உதைத்தார். கால்தான் வலித்தது. பிறகு சைலன்சரில் ஒரு கிளைக்குழாய் வைத்து, பாதிப் புகையை வழக்கம்போல வெளியே விட்டு, பாதியை மட்டும் சுருளுக்குள் இழுத்தார். சுருள்மேல் காற்றடிக்க ஏசியிலிருந்து கழற்றிய ஒரு விசிறி. சுருளின் நுனியில் ஒரு கேன். இது தவிர, கரியும் மணலும் பஞ்சும் அடைத்த ஒரு உயரமான டப்பா. அதுதான் வடிகட்டி.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் எஞ்சினை முடுக்கிவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டிக்கி அதிர்ந்தது. விசிறி கத்தியது. சுருள் இருமியது. ரொம்ப நேரம் கழித்துச் சுருளின் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. தொங்கியது. விழுந்தது.

"விழுந்துடுச்சு!" என்று அவர் போட்ட கூச்சலில் காவலாளி, யாரோ மாடியிலிருந்து விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடிவந்தார்.

ஒரு டம்ளர் சேர்ந்தது. கறுப்பாக இருந்தது. எரிந்த ரப்பர் வாடை அடித்தது. கரி டப்பாவில் ஊற்றி எடுத்த பிறகு பழுப்பாக இருந்தது. வாடை அப்படியே இருந்தது. வாசலில் படுத்திருந்த பூனைக்குக் கொஞ்சம் வைத்துப் பார்த்தார். பூனை முகர்ந்தது. அவரை ஒரு முறை பார்த்தது. எழுந்து அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டது.

மனைவி டம்ளரை மூக்கருகே கொண்டுபோனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதை யாரு குடிக்கிறது?"

"முதல் ஈடு அப்படித்தான் இருக்கும். இன்னும் வடிகட்டணும்!"

அதற்குள் செயலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவந்தார்.

"சார், மூடின இடத்துல எஞ்சினை ஓட விட்டா ஜனங்க மயங்கி விழுவாங்க. இனிமே இங்க ஸ்டார்ட் பண்ணிட்டு நிக்கக் கூடாது. வெளிய போறதுன்னா போங்க, வர்றதுன்னா வாங்க."

"பயந்துட்டீங்க! என் கார் தண்ணி கொடுத்துடும்னு பயம்!"

"ஆமா சார். பாத்தாலே பயமாத்தான் இருக்கு," என்றார் செயலாளர், டம்ளரைப் பார்த்து.

வீட்டுக்குள் வந்த மெக்கானிக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். செயலாளரைத் திட்டினார். பூனையைத் திட்டினார். நின்ற இடத்தில் ஓடினால் எஞ்சின் கொஞ்சம்தான் எரிக்கும், கொஞ்சம் எரித்தால் கொஞ்சம்தான் தண்ணீர் என்று பெட்ரோலையும் திட்டினார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்தபடியே, கடையில் செய்கிற வேலையை வீட்டில் தொடங்கினாள்.

"நிக்காம ஓடினா நிறையத் தண்ணி வருமா?"

"வரும். தூரம் போகணும்."

"மேட்டுல ஏறினா?"

"இன்னும் அதிகமா எரிக்கும். இன்னும் வரும்."

"நம்ம பக்கம் மேடு எங்க இருக்கு? அம்மா வீட்டுப் பக்கம்தான் ஒரே ஏத்தம்."

அவர் நடையை நிறுத்தினார். முறைத்தார். அவள் நிமிரவில்லை. ஒரு சட்டையின் கையை மடித்தாள்.

"சும்மா சொன்னேன். உங்களுக்குத் தண்ணி முக்கியமா, சண்டை முக்கியமான்னு எனக்கென்ன தெரியும்?"

"நான் அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

"காலை யாரு கேட்டா? கார் வாசல் வரைக்கும் போனாப் போதும். சரி, வண்டியில வெயிட் இருந்தா?"

"வெயிட் ஏத்தினா எஞ்சின் திணறும். திணறினா இன்னும் எரிக்கும்."

"அம்மா நல்ல வெயிட்டுதான்."

அவர் வாயைத் திறந்தார். எதிர்த்துச் சொல்ல விஞ்ஞானத்தில் ஒன்றும் இல்லை.

"ஏசி போட்டா?"

"அதுவும் எஞ்சினைக் குடையும்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்ப ஏசியும் போட்டுடுங்க. செயலாளருக்காகத்தானே?"

இப்படியாக மாமியார் காரில் ஏறினார். பின்சீட்டில், பிளாஸ்டிக் உறைமேல், வாக்கர் ஒரு பக்கம், தலையணை ஒரு பக்கம். கார் மேட்டில் ஏறியது. ஏசி இதமாக வீசியது. மாமியார் கண்ணை மூடித் திறந்தார்.

"பரவாயில்லையே மாப்பிள்ளை. ஓடுதே!"

மெக்கானிக் கியரை மாற்றிய சத்தத்தில் முன்னால் போன சைக்கிள்காரர் இறங்கி ஓரமாக நின்றுவிட்டார்.

ஏற்பாடு ஒரு ஒழுங்குக்கு வந்தது. பயிற்சி நிலையத்துக்கு மாமியாரைக் கூட்டிப்போவது, காத்திருப்பது, வீட்டில் கொண்டுவிடுவது. வாசலிலேயே மெக்கானிக் காரை நிறுத்திக்கொண்டு, அந்த வீட்டுக் கதவைப் பார்க்காமல் எதிர்ச் சுவரையே முறைத்துக்கொண்டிருப்பார். மனைவி டிக்கியைத் திறந்து கேனை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். கரி டப்பா மாமியார் வீட்டுக் கொல்லைக்குப் போய்விட்டது. நம் வீட்டில் அந்த வாடையை வைத்துக்கொள்ள முடியாது, அங்கே காற்றோட்டம் இருக்கிறது என்றாள். கறுப்புத் தண்ணீர் உள்ளே போனது. பளிங்கு போலத் தண்ணீர் வெளியே வந்தது.

முதல் நாள் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமாவா?"

"ரெண்டு தரம் வடிகட்டினேன். உங்க டப்பா நல்ல டப்பா."

"அளவு கூட இருக்கற மாதிரி இருக்கே? உள்ள போனது பாதிக் கேன்தானே?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். அவரே காப்பாற்றினார்.

"கரியில ஏற்கெனவே ஈரம் இருந்திருக்கும். அதையும் இழுத்துட்டு வந்திருக்கு!"

"அதேதான்," என்றாள்.

குடித்தார். இனித்தது. அன்று முதல் அவர் கோபத்துக்குக் கொம்பு முளைத்தது. முன்பெல்லாம் தோற்ற கோபம், இப்போது ஜெயித்த கோபம். பாட்டிலில் அடைத்துக் கடைக்குக் கொண்டுபோனார். ஃபிரிட்ஜ் பழுதென்று வந்தவர்களுக்கு ஃபிரிட்ஜைப் பார்க்கும் முன் ஒரு டம்ளர் கொடுத்தார். மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடம், "நீங்க குடிக்கிறது குழாய்த் தண்ணிதானே? பாவம்," என்றார்.

கடைசியில் சங்கக் கூட்டத்துக்கே பாட்டிலோடு போனார். நாற்காலியில் ஏறவில்லை, அவ்வளவுதான். மற்றபடி ஏறி நின்று பேசுகிறவர் மாதிரியே பேசினார்.

"கார் தண்ணியைத் திருப்பிக் கொடுக்குமான்னு கேட்டீங்களே செயலாளர் சார்? இந்தாங்க. குடிங்க! எல்லார் முன்னாடியும் குடிங்க!"

செயலாளர் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்தார். அவள் பின்வரிசையில் கைகட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் ஒரு மிடறு விழுங்கினார். இன்னொரு மிடறு விழுங்கினார்.

"அருமையா இருக்கே!"

"மன்னிப்புக் கேளுங்க!"

"கேட்கிறேன் சார். நான் பேசினது தப்பு. உங்க மாதிரி ஒரு ஆள் நம்ம கட்டடத்துல இருக்கறது எங்களுக்குப் பெருமை." கூட்டம் கைதட்டியது. மூன்றாவது மாடி அம்மாவும் தட்டினார். மெக்கானிக்கின் நெஞ்சு சட்டைப் பொத்தானைப் பதம் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்தார். காலை நீட்டினார்.

"முடிஞ்சுது. மூக்கறுத்தாச்சு. நாளைக்கு டிக்கியில இருக்கறதையெல்லாம் கழட்டிடறேன். வால்வைத் திறந்துடலாம். காரைக் கழுவிக் கவர் போட்டு மூடணும். பின்சீட்டு பிளாஸ்டிக் வேற கிழிஞ்சிருக்கு."

"அம்மாவுக்குப் பயிற்சி இன்னும் முடியல."

"அதான் பஸ் ஓடுதே?"

மனைவி அடுப்பை அணைத்தாள். பால்கனிக்குப் போனாள். ஒரு பூந்தொட்டியைத் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்தாள். வைத்த வேகத்தில் தொட்டியின் விளிம்பு பெயர்ந்தது. அதில் இருந்த செடி தண்டு வரைக்கும் கருகிப்போயிருந்தது.

"இது என்ன?"

"உங்க சைலன்சர் தண்ணி. முதல் நாள் வடிகட்டினதை இதுக்கு ஊத்தினேன். மூணாவது நாள் இப்படி ஆயிடுச்சு."

"அப்ப... அப்ப நான் இத்தனை நாளா குடிச்சது?"

"எங்கம்மா வீட்டுக் குழாய்த் தண்ணி. செயலாளர் அருமையா இருக்குன்னு சொன்னதும் அதேதான்."

மெக்கானிக் எழுந்தார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளே ஆவி முழுவதும் திரண்டு, விசில் வருகிற கட்டம்.

"என்னையா... என்னையா ஏமா..."

அவள் சன்னலை அகலத் திறந்தாள்.

"கத்துங்க. நல்லாக் கத்துங்க. செயலாளர் கீழதான் நிக்கறாரு. நான் தனியாப் போய்ச் சொல்ல வேண்டிய வேலை மிச்சம்."

வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் மட்டும் உள்ளேயே இறங்கிவிட்டது. எட்டிப் பார்த்தார். செயலாளர் நாலைந்து பேரைச் சுற்றி நிறுத்திக்கொண்டு, மெக்கானிக்கின் காரைக் கைகாட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு மரியாதை.

"ஏன்டி இப்படிப் பண்ணின?" என்றார், கிசுகிசுப்பாக. இவ்வளவு மெதுவாக அவர் பேசி அந்தச் சுவர்கள் கேட்டதில்லை.

"கோபம் உங்களுக்கு மட்டும்தான் வரும்னு நினைச்சீங்களா?" அவள் குரல் உயரவில்லை. "உங்க சபதத்துக்கு முன்னால ஒரு நாள் பஸ்ல அம்மா கால் வழுக்கி என் மேல சாஞ்சாங்க. ரெண்டு பேரும் படியிலயே உக்காந்துட்டோம். எழுந்திரிக்க ஆளில்ல. வீட்டுக்கு வந்தா நீங்க காருக்குத் துணி போட்டுத் துடைச்சிட்டிருக்கீங்க. எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும்? நீங்க கோபம் வந்தா கத்தறீங்க. எனக்குக் கத்த வரல. நான் தண்ணி பிடிச்சேன்."

அவர் தொட்டியைப் பார்த்தார். கருகிய செடியைப் பார்த்தார். கோபம் போய்விடவில்லை. போவதற்கு வழி தெரியாமல் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதைக் காட்டிக்கொள்ள அவருக்கு வரவில்லை. அதனால் வழக்கம்போல மிரட்டிப் பார்த்தார்.

"வால்வையாவது திறந்துக்கறேன்."

"திறங்க. ஏன் திறந்தீங்கன்னு செயலாளர் கேப்பாரு. கார் தண்ணி என்னாச்சும்பாரு. பதிலை யோசிச்சு வெச்சுக்குங்க."

"அப்ப எத்தனை நாளைக்குத்தான்?"

"அம்மா வாக்கர் இல்லாம நடக்கற வரைக்கும் பயிற்சிக்கு. நடக்க ஆரம்பிச்ச பிறகு, அவங்க எங்க நடக்கணும்னு ஆசைப்படறாங்களோ அங்க."

மறுநாள் காலை கார் கிளம்பியது. வாசலில் நின்ற செயலாளர் வணக்கம் வைத்தார். காவலாளி கதவைத் திறந்து விறைப்பாக நின்றார். மெக்கானிக் பதிலுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும்தான் தாங்கியது. அதன் பிறகு அவருடைய கோபம் முழுவதும் வலது காலில் இறங்கியது. மேட்டில் சீறினார். திருப்பத்தில் கிறீச்சிட்டார். மாமியாரை ஏற்றிக்கொண்டபோது எதிர்ச் சுவரை முறைக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை, கதவு மூடுவதற்குள் கிளப்பினார். முன்னால் ஆமை வேகத்தில் போன லாரியைப் பார்த்து ஹாரனை அமுக்கிப் பிடித்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி நின்றது. அவரும் பிரேக்கை மிதித்தார், ஒரு முழு ஆள் வெயிட்டையும் போட்டு.

பின்சீட்டில் சளக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தார். மாமியார் பெரிய கேன் ஒன்றை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். இனி கொல்லையில் ஒளித்துப் பிடிக்க அவசியமில்லை என்று மகள் சொல்லியிருப்பாள் போல.

"மெதுவா ஓட்டுங்க மாப்பிள்ளை," என்றார். "நீங்க கண்டுபிடிச்ச தண்ணி என் மடியெல்லாம் கொட்டுது."